மலருக்கு: அந்தக் குழந்தையைக் குளிர்வித்திருக்க வேண்டுமா?

அன்புள்ள மலருக்கு,

நீ அனுப்பிய குரல்பதிவைக் கேட்டேன். பிறந்ததும் அழாத குழந்தை, அன்று மாலையே ஃபிட்ஸ் (வலிப்பு), அப்புறம் நீ நர்ஸாக இருக்கும் எஸ்.என்.சி.யு.வில், அதாவது பச்சிளங்குழந்தைகளுக்கான சிறப்புப் பிரிவில், நீங்கள் எல்லாரும் பட்ட பாடு. குழந்தை பால் குடிக்கத் தொடங்கிவிட்டது என்று நீ சொன்னபோது மனசு லேசாயிற்று. ஆனால் நீ அழுதது அதற்கு அடுத்து வந்த கேள்விக்காக. "கூலிங் மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு அன்னைக்கே அனுப்பியிருந்தா பிள்ளை மூளைக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்ல சிஸ்டர்?" என்று அந்த அப்பா கேட்டிருக்கிறார். மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தையின் உடலை மூன்று நாள் சில டிகிரி குளிர்வித்து மூளையைக் காக்கப் பார்க்கும் சிகிச்சையைத்தான் அவர் சொல்கிறார். இதே கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு டியூட்டிக்குப் போகிற நர்ஸ்கள் வேறு பலரும் இருப்பார்கள். அதனால்தான் பதிலை எல்லாரும் படிக்கும்படி இங்கே எழுதுகிறேன். ஊரையோ ஆளையோ காட்டும் விவரம் எதையும் சேர்க்கவில்லை.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளிர்வித்திருந்தால் அந்தக் குழந்தைக்கு நல்லது நடந்திருக்கும் என்று சொல்ல ஆதாரம் இல்லை. நம் நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் செய்து பார்த்த பெரிய ஆய்வு காட்டியது நேர் எதிரான முடிவை. அது எப்படி என்று நீ முழுதாகத் தெரிந்துகொள்ள வேண்டும். "அத்தை சொன்னாங்க" என்பது அந்த அப்பாவுக்கும் போதாது, உனக்கும் போதாது.

குளிர்விப்பு வெறும் ஃபேஷனாக வந்ததில்லை. 1980களில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் மருத்துவமனையில் ஆஸ்மண்ட் ரெனால்ட்ஸின் குழு, மூச்சுத்திணறலோடு பிறந்த குழந்தைகளின் மூளையில் ஆற்றல் எவ்வளவு இருக்கிறது என்று எம்.ஆர். ஸ்பெக்ட்ராஸ்கோபி (ஸ்கேன் மாதிரி, மூளையைத் தொடாமலே அதன் வேதிப்பொருள்களை அளக்கும் முறை) மூலம் அளந்தது. அவர்கள் கண்டது விசித்திரமாக இருந்தது. மூச்சு வந்து, ரத்த ஓட்டம் சீரான முதல் சில மணி நேரம் மூளைச் செல்களின் ஆற்றல் கிட்டத்தட்ட இயல்பாகவே இருந்தது. அதற்குப் பிறகு, ஆக்சிஜனும் ரத்த அழுத்தமும் சரியாக இருக்கும்போதே, அது சரியத் தொடங்கியது. எவ்வளவு அதிகமாகச் சரிந்ததோ அவ்வளவு மோசமாகப் பின்னாளில் அந்தக் குழந்தைகளின் நிலை இருந்தது. நீ பார்த்துக்கொண்ட குழந்தைக்கு ஃபிட்ஸ் உடனே வராமல் சில மணி நேரம் கழித்து வந்ததே, அதன் காரணமும் இதோடு சேர்ந்ததுதான். அடிபட்டவுடன் எல்லாச் செல்களும் சாவதில்லை. நடுவில் ஓர் இடைவெளி இருக்கிறது.

அந்த இடைவெளியில் ஏதாவது செய்ய முடியுமா என்று தேடியவர்கள் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இருந்தார்கள். அலிஸ்டர் கன், டானியா கன், பீட்டர் குளுக்மன் ஆகியோர் அந்தக் குழுவில் முக்கியமானவர்கள். தாய் ஆட்டின் வயிற்றில் இருக்கும் குட்டிக்கு மூளை ரத்த ஓட்டத்தை 30 நிமிடம் நிறுத்தி, ஒன்றரை மணி நேரம் கழித்துத் தலையைக் குளிர்விக்கத் தொடங்கி, 72 மணி நேரம் தொடர்ந்தார்கள். 1997இல் வெளியான அந்த முடிவில் மூளைச் சேதம் வெகுவாகக் குறைந்திருந்தது. ஐந்தரை மணி நேரம் தாமதித்தால் பலன் குறைந்தது. எட்டரை மணி நேரம் தாமதித்தால் பலனே இல்லை. ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று உனக்கு வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்களே, அந்தக் கணக்கு அந்த ஆட்டுக்குட்டிகளிடமிருந்து வந்தது.

2005இல் சீதா சங்கரன் தலைமையில் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், 33.5 டிகிரிக்குக் குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 44 சதவீதம் பேர் இறந்தார்கள் அல்லது கணிசமான குறைபாட்டோடு வளர்ந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் அது 62 சதவீதம். பிரிட்டன் ஆய்வு 2009இல் வந்தது. அதில் இறப்பு கணிசமாகக் குறையவில்லை, ஆனால் நரம்புக் குறைபாடு இல்லாமல் பிழைத்த குழந்தைகள் அதிகம். பணக்கார நாடுகளில் கூலிங் இல்லாத என்.ஐ.சி.யு.வை (பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவை) இப்போது கற்பனை செய்வதே கடினம்.

சரி, அங்கே பலித்தது இங்கேயும் பலிக்க வேண்டும்தானே? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். புதுச்சேரி ஜிப்மரில் ஜெல் பேக் வைத்தும், வேலூர் சி.எம்.சி.யில் வெப்பத்தை உறிஞ்சும் தனிப் பொருளைக் கொண்ட மெத்தை மூலமும் குறைந்த செலவில் குளிர்வித்துப் பார்த்தார்கள். நம்பிக்கை தரும் முடிவுகளும் வந்தன. ஆனால் அவை சின்ன ஆய்வுகள். பெரிதாக, சீராகச் செய்து பார்த்தது ஹீலிக்ஸ் ஆய்வு. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் சுதின் தய்யில் தலைமையில் இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளின் ஏழு பெரிய மருத்துவமனைகளில், 2015 முதல் 2019 வரை 408 குழந்தைகளைச் சேர்த்தார்கள். சென்னையும் அதில் இருந்தது. மட்டமான கருவியால் பலிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. வெப்பநிலையைத் தானே கட்டுப்படுத்தும் முறையான கருவிகளைத்தான் பயன்படுத்தினார்கள்.

முடிவு 2021இல் வந்தது. இறப்பையும் குறைபாட்டையும் சேர்த்துப் பார்த்தால், குளிர்விக்கப்பட்ட குழந்தைகளில் 50 சதவீதம், மற்றவர்களில் 47 சதவீதம். ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் இறப்பை மட்டும் தனியாகப் பார்த்தால், குளிர்விக்கப்பட்டவர்களில் 42 சதவீதம், மற்றவர்களில் 31 சதவீதம். இந்த இரண்டு எண்களை முதன்முதலில் படித்த நாளில் எனக்கு வேறு எந்த வேலையும் ஓடவில்லை. இது போன்ற நாடுகளில், பெரிய தீவிர சிகிச்சைப் பிரிவு இருந்தாலும்கூட, இந்தச் சிகிச்சையைத் தர வேண்டாம் என்று அந்தக் குழு எழுதியது. எல்லா மருத்துவர்களும் இதை ஏற்றுக்கொண்டுவிடவில்லை. நல்ல வசதியுள்ள இடங்களில், கவனமாகத் தேர்ந்தெடுத்த குழந்தைகளுக்குச் செய்யலாம் என்று வாதிடுகிறவர்கள் நம் நாட்டில் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தையும் நான் மதிக்கிறேன். ஆனால் "அனுப்பியிருந்தால் மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது" என்ற குற்றவுணர்வை உன் தலையில் ஏற்ற அந்த வாதம் போதாது.

ஏன் இப்படி ஆயிற்று? இங்கேதான் விஷயம் உன் எஸ்.என்.சி.யு.வை விட்டுப் பிரசவ அறைக்கும், அதற்கும் முன்னால் கர்ப்ப காலத்துக்கும் போகிறது. நஞ்சுக்கொடி பிரிவது, தொப்புள்கொடி வெளியே சரிவது மாதிரி ஒரே அடியாக ஆக்சிஜன் நின்றுபோனால், மூளையின் நடுப்பகுதியில் ஆழமாக இருக்கும் நரம்புச் செல் திரள்கள் பாதிக்கப்படும். ஹீலிக்ஸ் குழந்தைகளின் எம்.ஆர்.ஐ. படங்களில் வெள்ளைப் பொருளின் (மூளைப் பகுதிகளை இணைக்கும் நரம்பு இழைகளின்) சேதம்தான் அதிகம் தெரிந்தது. மணிக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக, விட்டுவிட்டு ஆக்சிஜன் குறைந்தால் அப்படித் தெரியலாம். அதாவது, குழந்தை நம் கைக்கு வரும்போதே அந்த ஆறு மணி நேர வாசல் மூடியிருக்கக்கூடும். தொற்று, அம்மாவின் ரத்தசோகை, வயிற்றிலேயே வளர்ச்சி குன்றுவது எல்லாம் இதில் எவ்வளவு பங்கு வகிக்கின்றன என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகிறது.

இந்த வாதம் பழையது. 1860களில் லண்டனில் வில்லியம் லிட்டில், கைகால் விறைத்த குழந்தைகளுக்குக் காரணம் பிரசவக் கஷ்டம் என்றார். 1897இல் சிக்மண்ட் பிராய்ட், ஆமாம், அதே பிராய்ட்தான், பிரசவம் கஷ்டமானதே வயிற்றில் ஏற்கெனவே நடந்துவிட்ட பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம் என்று எழுதினார். அப்புறம் 1986இல் கரின் நெல்சன், ஆயிரக்கணக்கான கர்ப்பங்களின் பதிவுகளை வைத்து, பெருமூளை வாதத்தில் (மூளைப் பாதிப்பால் கைகால் அசைவு கெடும் இந்த நிலையில்) ஒரு சிறு பகுதிக்குத்தான் பிரசவ நேர மூச்சுத்திணறல் காரணம் என்று காட்டினார்.

நம் ஊர் ஆராய்ச்சி என்றால் "இது வேலை செய்யாது" என்று சொல்வது மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. பிறந்த குழந்தைக்கு ஆம்பு பேக்கில் (கையால் அழுத்தும் பையில்) மூச்சு கொடுக்கும்போது, நிறைமாதக் குழந்தை என்றால் வெறும் காற்றிலேயே தொடங்குகிறாய் அல்லவா? நான் படித்த காலத்தில் நூறு சதவீத ஆக்சிஜன்தான் வேதம். டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் சித்தார்த் ராம்ஜி, நார்வேயின் ஓலா சாக்ஸ்டாட்டோடு சேர்ந்து, 84 குழந்தைகளிடம் சாதாரணக் காற்றை ஒப்பிட்டு 1993இல் வெளியிட்டார். காற்று எந்த விதத்திலும் குறையவில்லை. 1998இல் பல நாடுகளில் 609 குழந்தைகளோடு நடந்த பெரிய ஆய்வு அதை உறுதிசெய்தது. 2010இல் உலக வழிகாட்டுதலே மாறியது. இன்று லண்டனில் பிறக்கும் குழந்தைக்கும் அப்படித்தான் மூச்சு கொடுக்கிறார்கள். ஹீலிக்ஸும் அதே வரிசையில் வருவதுதான். நம் குழந்தைகளுக்கு எது நல்லது என்பதை நம் குழந்தைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் உன் கையில் என்ன இருக்கிறது என்று கேட்பாய். நிறைய இருக்கிறது. வலி தீவிரமானதும் சிசுவின் இதயத் துடிப்பை 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒரு முறையும், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒரு முறையும் கேட்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வலி கூட்டுவதற்கு ஆக்சிடோசின் டிரிப் ஓடும்போது இதை விட்டுவிட்டால், அடுத்தடுத்து வரும் வலிகளுக்கு நடுவில் குழந்தை மூச்சு வாங்கக்கூட நேரமிருக்காது. ஒரே சிஸ்டர் பல கட்டில்களைப் பார்த்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது என்பது எனக்குத் தெரியும். கூலிங் மெஷின் வாங்க யாராவது நிதி கொடுக்க முன்வந்தால், அந்தப் பணத்தில் லேபர் வார்டுக்கு இன்னொரு சிஸ்டரைக் கொடுங்கள் என்றுதான் நான் கேட்பேன். எந்தக் கூட்டத்திலும் சொல்வேன்.

எஸ்.என்.சி.யு.விலும் ஒன்று இருக்கிறது. குளிர்விக்கத் தேவையில்லை என்பதால் சூடாக விடலாம் என்று ஆகிவிடாது. மூச்சுத்திணறலுக்குப் பிறகு உடல் சூடு ஏறிய குழந்தைகளின் நிலை இன்னும் மோசமாகப் போயிருக்கிறது. தோலில் ஒட்டிய புரோப் கழன்றுவிட்டால் வார்மர் (குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் கருவி) சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். அதை ரவுண்ட்ஸ் தோறும் பார். ரத்தச் சர்க்கரையையும் பார்.

இனி அந்தக் குழந்தை. எப்படி வளரும் என்று இன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது, அப்பாவிடமும் அப்படியே சொல். பிறந்து மூன்று, நான்கு மாதத்தில் குழந்தை மல்லாந்து படுத்திருக்கும்போது கழுத்து, கைகால், உடம்பு முழுக்க ஓயாமல் சின்னச் சின்ன அசைவுகள் இருக்கும். அவை இல்லாவிட்டால் பெருமூளை வாதத்துக்கான வலுவான அறிகுறி. பசியோ அழுகையோ இல்லாமல் விழித்திருக்கும் நேரத்தில், கைகால் மூடாத உடையில், கையில் கிலுகிலுப்பை எதுவும் கொடுக்காமல், மேலிருந்து போனில் சில நிமிடம் வீடியோ எடுக்கச் சொல். அதைப் பார்த்துச் சொல்லப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஃபிட்ஸ் வந்த நேரம், கொடுத்த மருந்து, தலைச் சுற்றளவு எல்லாம் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிடு. வளர்ச்சிக் குறைபாடுகளைச் சீக்கிரமே கண்டு உதவும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு வர வேண்டிய தேதியையும் அதிலேயே குறித்துக் கொடு. நம்பரை வாங்கி வைத்துக்கொண்டு, அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் நீயே ஒரு போன் போட்டுவிடு. வீடியோ வந்ததும், அவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டு எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
அத்தை