சியோல் 2027: முதல்முறை செல்வோர் கவனத்திற்கு

இயேசுவுக்கே புகழ்!

கத்தோலிக்க இளையோர் கூடும் உலக இளையோர் நாள், 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை, தென்கொரியாவின் சியோலில். ஆயத்தக் கூட்டம் வரும் ஞாயிறு மாலை 5 மணிக்கு, பங்கு அரங்கில்.

1. பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். பயணத்துக்குப் பிறகும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பதிவுப் படிவத்திலும் பெயர் எழுத்துப் பிசகாமல் அப்படியே இருக்கட்டும்.
2. தினமும் நடந்து பழகுங்கள். திருவிழிப்பு இரவில், அதாவது நிறைவுத் திருப்பலிக்கு முந்தைய செப இரவில், வழக்கமாகத் திறந்தவெளியில்தான் படுக்கை. புது ஷூ வேண்டாம், காலைக் கடிக்கும்.
3. ஆகஸ்டில் அங்கே புழுக்கம், மழை இரண்டும் உண்டு. மழைக்கோட்டு அவசியம்.
4. மையக்கருத்து யோவான் 16:33. தினமும் வாசித்து வாருங்கள். பெட்டி கட்டுவதைவிட இதுதான் முக்கியம்.

கூட்டத்துக்கு வருகிறவர்கள் வெள்ளிக்குள் இங்கே பெயரைப் பதிவிடுங்கள். தொடர்ந்து மருந்து எடுப்பவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள்.