செயலாளர் ஆண்டறிக்கை: ஒரு பதாகையும் பதினேழு வருடங்களும்

தலைவர் அவர்களே, போஷகர்களே, வாசகசாலை உறுப்பினர்களே,

சென்ற பொதுக்கூட்டத்தில் என்னையே மறுபடியும் செயலாளராகத் தெரிவு செய்தீர்கள். வேறு ஒருவரும் சம்மதிக்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். எப்படியோ வருடம் ஓடிவிட்டது.

பத்திரிகைகள் தடையின்றி வந்தன. மழைக்கு முன் கூரை ஓடு மாற்றினோம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வந்தது பதாகைக் கதை.

யாழ்ப்பாணக் கல்லூரியின் வரலாறு பற்றி மாதம் ஒரு பேச்சு நடத்துவதென்று தீர்மானித்து, "1823 முதல்" என்று பதாகை அடித்தோம். முதற்கூட்டத்துக்கு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கதிரையில் இருக்கவே இல்லை. "தம்பி, கல்லூரி துவங்கினது 1872. செத்துப் பிழைச்ச பள்ளிக்கூடத்துக்கு எந்தப் பிறந்தநாளை எழுதி வச்சிருக்கிறீர்?" என்று வாசலிலேயே பிடித்துக்கொண்டார். அன்றைய பேச்சு அத்தோடு சரி. வருடம் முழுவதற்கும் விஷயம் கிடைத்தது.

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் வந்தபோது வட்டுக்கோட்டையில் பழைய கிறிஸ்தவ தேவாலயம் ஒன்று கூரையில்லாமல் நின்றது. அதைத் திருத்தி, அங்கேயே 1823இல் டானியல் பூவரைத் தலைவராகக் கொண்டு, கல்லூரிக்கு முன்னோடியான வட்டுக்கோட்டைச் செமினரி என்ற உயர்பள்ளியைத் தொடங்கினார்கள். படிக்க வந்த பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் யாரோ ஒருவர் பணம் கட்டுவார். அவர் சொன்ன பெயர் பிள்ளைக்கு வைக்கப்படும். விசுவநாதபிள்ளை கறோல் ஆனதும், சதாசிவம்பிள்ளை ஆர்னோல்ட் ஆனதும், சிதம்பரப்பிள்ளை நெவின்ஸ் ஆனதும் இப்படித்தான். வீட்டில் ஒரு பெயர், இடாப்பில் ஒரு பெயர்.

கூட்டம் களைகட்டியது கிரகணப் பேச்சன்றுதான். 1829இல் வந்த சந்திரகிரகணம் எப்போது பிடிக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் அராலி விசுவநாத சாஸ்திரியாரின் பஞ்சாங்கமும் பூவரின் கணிப்பும் ஒத்துப்போகவில்லை. அன்றிரவு ஆட்கள் கூடி, மணிக்கூட்டைக் கையில் வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்களாம். பூவரின் கணக்கே சரியாக வந்தது. பேச்சாளர் இதைச் சொல்லி முடிக்குமுன் அராலி உறுப்பினர் எழும்பி, "எழுதி வச்சது ஆர்? வெண்ட பக்கம்தானே!" என்றார். நியாயமான கேள்வி. ஆனாலும் கணக்கு கணக்குத்தான் என்பது என் கட்சி. தொலைநோக்கியும் தர்க்கமும் தமிழ் இலக்கணமும் ஒரே வளவுக்குள் படித்த பிள்ளைகள் எப்படி வெளியே வந்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். 1841இல் மானிப்பாய் அச்சகத்திலிருந்து வெளிவந்த உதயதாரகைப் பத்திரிகையின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் இங்கே படித்த தமிழர்களே.

இவ்வளவும் இருந்தும் 1855இல் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்து பார்த்த மிஷன் செயலாளர் ரூபஸ் அண்டர்சன் குழுவினருக்கு இங்கே வளர்ந்தது பிடிக்கவில்லை. அவர்கள் தேடியது போதகர்களை. கிடைத்தவர்களோ ஆங்கிலம் படித்து அரசாங்க உத்தியோகத்துக்குப் போனவர்கள். தாய்மொழியில் படிப்பித்தால் போதும் என்றார்கள். 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவர்: கறோல் விசுவநாதபிள்ளையும் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும். இருவரும் பூட்டிவிட்ட அந்தச் செமினரியின் பிள்ளைகள். தாமோதரம்பிள்ளை பிற்காலத்தில் கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்ததை இங்கே விரிக்கத் தேவையில்லை.

பிறகு, செமினரி பூட்டியபடியே பதினேழு வருடம். எங்கள் பேச்சுத் தொடரில் இதற்குத்தான் பேச்சாளர் கிடைக்கவில்லை. கடைசியில் பதாகையைக் குறை சொன்ன ஆசிரியரையே பிடித்தோம். பழைய மாணவர்களும் ஊர்க் கிறிஸ்தவர்களும் விடாமல் கேட்டு, நாங்களும் காசு தருகிறோம் என்று நின்றதால்தான் 1872இல், ஹேஸ்டிங்ஸ் அதிபராக, யாழ்ப்பாணக் கல்லூரி திறந்தது என்று அவர் விளக்கினார். முதல் முறை, வெளியிலிருந்து வந்தவர்கள் தொடங்கினார்கள்; இரண்டாம் முறை, ஊர் கேட்டு வாங்கியது. இந்தப் பதினேழு வருடத்தை விழுங்கிவிட்டு "1823 முதல்" என்று எழுதியது என் பிழை.

மிச்சத்தைச் சுருக்கமாகவே பேசினோம். கல்லூரி ஆசிரியர் ஹன்டி பேரின்பநாயகமும் அவர் முன்னின்று நடத்திய யாழ்ப்பாண வாலிப காங்கிரசும், அவர்கள் அழைக்க 1927இல் காந்தியடிகள் வந்தது, 1960இல் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது கல்லூரி தனியாக நின்றது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. அன்று கரண்டும் போய்விட்டது.

வரும் வருடம் இரண்டு வேலை. புதுப் பதாகையில் "1823–1855" ஒரு வரியும் "1872 முதல்" இன்னொரு வரியும் வரும். செலவுக்குச் சபையின் அனுமதி வேண்டும். மற்றது, உங்கள் வீடுகளில் உள்ள பழைய படங்களையும் சான்றிதழ்களையும் படம் பிடித்து வைப்பது. பரணில் கட்டி வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இந்த மாரிக்கு முன் இறக்குங்கள். சென்ற மாதம் ஒருவர் ஆசையோடு கொண்டுவந்த அல்பத்தைத் திறந்தபோது மட்டை மட்டும்தான் இருந்தது. உள்ளே கறையான்.

செயலாளர்