மஸ்டாங் ஓட்ட ஆசைப்படும் நித்யாவுக்காக

அன்புள்ள ராமு,

உன் கடிதம் வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு கோல் இல்லாமல் நடக்கிறாய் என்று படித்ததும்தான் மனசு ஆறியது. நான் ரிட்டயர் ஆனபிறகும் விமானத்தை விடவில்லை. வார இறுதிகளில் டெயில்வீல் விமானத்தில், அதாவது வாலில் சின்னச் சக்கரம் உள்ள விமானத்தில், சிறுசுகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்.

நித்யா ஏர்பஸ்ஸில் கோ-பைலட்டாக இருந்துகொண்டு, இரண்டாம் உலகப் போர் காலத்து அமெரிக்கச் சண்டை விமானமான மஸ்டாங் ஓட்ட ஆசைப்படுகிறாள் என்று எழுதியிருந்தாய். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! நடக்கக்கூடிய ஆசைதான். ஆனால் அவள் ஜெட்டில் பறந்த மணிக்கணக்கு இதற்குப் பெரிதாகக் கைகொடுக்காது. இரண்டாம் உலகப் போர் காலத்துச் சண்டை விமானங்களில் பெரும்பாலானவற்றுக்குச் சின்னச் சக்கரம் வாலில்தான். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், தரையில் கொஞ்சம் கோணினாலும் வால் சுற்றி முன்னால் வரப் பார்க்கும். இறங்கியாயிற்று என்று ரட்டரில் (வாலைத் திருப்பும் மிதியில்) காலைத் தளர்த்தவே கூடாது. விமானம் நிற்கும்வரை வேலை இருக்கிறது.

அதனால் பைப்பர் கப், சிட்டாப்ரியா மாதிரி எளிய விமானத்தில் தொடங்கட்டும். பிறகு ஸ்டியர்மனோ டைகர் மாத்தோ, இரண்டு அடுக்கு இறக்கை உள்ள பழைய பயிற்சி விமானங்கள். அதன்பின் ஹார்வர்ட் என்ற பயிற்சி விமானம், அமெரிக்காவில் டி-6 டெக்ஸன் என்பார்கள். 600 குதிரைசக்தி. போர்க்காலத்தில் எத்தனையோ விமானிகள் இதில் பழகித்தான் சண்டை விமானத்துக்குப் போனார்கள். இன்றைக்கும் அதே வழிதான், எனக்குத் தெரிந்து குறுக்குவழி இல்லை.

மஸ்டாங்குக்கு ஏறத்தாழ 1,500 குதிரைசக்தி. வேகம் குறைந்து இறங்கும்போது, மறுபடி மேலே போகலாம் என்று த்ராட்டிலை (எஞ்சின் சக்தியைக் கூட்டும் நெம்புகோலை) ஒரேயடியாகத் தள்ளினால் விமானம் இடப்பக்கம் புரளப் பார்க்கும். அந்த உயரத்தில் மீட்க இடம் இருக்காது. பிரிட்டிஷ் சண்டை விமானமான ஸ்பிட்ஃபயரில் இன்னொரு சங்கதி: மெர்லின் எஞ்சின் வைத்தது டேக்-ஆஃபில் இடப்பக்கம் இழுக்கும், பின்னால் வந்த கிரிஃபன் எஞ்சின் எதிர்ப்பக்கம் சுற்றுவதால் வலப்பக்கம் இழுக்கும். ஒன்றில் பழகிய கால் மற்றதில் தப்பு செய்யும். ஃப்ளோரிடாவில் ஸ்டாலியன் 51 என்ற இடத்தில் இரட்டைக் கட்டுப்பாடு உள்ள மஸ்டாங்கில் பயிற்சி தருகிறார்கள். இங்கிலாந்தில் குட்வுட்டில் இரண்டு இருக்கை ஸ்பிட்ஃபயர் இருக்கிறது. செலவு மிக அதிகம். மஸ்டாங் மணிக்கு 200 லிட்டருக்கு மேல் பெட்ரோல் குடிக்கும்.

அமெரிக்கச் சட்டத்தில் டெயில்வீலுக்கும் 200 குதிரைசக்திக்கு மேற்பட்ட எஞ்சினுக்கும் பயிற்சியாளர் விமானியின் லாக்புக்கில் (பறந்த கணக்கு எழுதும் நோட்டில்) கையெழுத்திட வேண்டும். பழைய ஜெட் என்றால் தனி அனுமதி. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பெரும்பாலும் இதற்கு மேலும் மணிக்கணக்கு கேட்கும்.

ஆனால் பயிற்சியைக் காசு கொடுத்து வாங்கலாம். அடுத்தவர் தன் விமானத்தை நம்பிக் கொடுப்பதை வாங்க முடியாது. அதற்கு ஹேங்கரில் (விமானக் கொட்டகையில்) வேலை செய்ய வேண்டும். டெக்ஸஸில் 1957-இல் தொடங்கிய கமெமரேட்டிவ் ஏர் ஃபோர்ஸ் மாதிரி அமைப்புகளில் தொண்டர்களே பழைய போர் விமானங்களைப் பராமரித்துப் பறக்கவிடுகிறார்கள். நித்யா அங்கே எண்ணெய் துடைக்கட்டும், பேனல் கழற்றட்டும். சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கிய ரேடியல் எஞ்சின் நிற்கும்போது கீழ் சிலிண்டர்களில் எண்ணெய் இறங்கிவிடும். அதனால் ஸ்டார்ட் செய்வதற்கு முன், இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்ப்பார்கள். இடித்து நின்றால் பலவந்தம் கூடாது. ப்ளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். முரட்டுத்தனமாக ஸ்டார்ட் செய்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும், அது பிறகு ஆகாயத்தில் உடையலாம். உதிரிபாகம் கிடைப்பதே அரிதான எஞ்சின், ராமு. கையால் தொட்டு இதைத் தெரிந்துகொண்ட விமானியைத்தான் விமானத்தின் சொந்தக்காரர் நம்புவார்.

அவளுக்கு லீவு எப்போது என்று கேட்டு எழுது. ஒரு வாரம் சிட்டாப்ரியாவை அவளுக்கென்றே ஒதுக்கி வைக்கிறேன். நீயும் கூட வா.

அன்புடன்,
சுந்தரம்