நைட் டியூட்டி சிஸ்டருக்கு ஒரு நன்றி

மூலத்துக்கு ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தபோது நைட் டியூட்டி பார்த்த சிஸ்டருக்கு இந்த நன்றி. பெயர் கேட்கவில்லை, வெட்கத்தில் முகத்தைச் சுவர் பக்கமே திருப்பி வைத்திருந்தால் எப்படிக் கேட்பது!

கக்கூஸ் போக வேண்டுமே என்ற பயத்தில் நான் சாப்பாட்டைத் தொடவே இல்லை. அவர் கண்டுபிடித்துவிட்டார். "சாப்பிடாம இருந்தா மலம் இறுகிடும், அப்புறம்தான் உயிர் போகும் அண்ணே" என்று சொல்லி, மலத்தை இளக்கும் இசப்கோல் உமியைத் தண்ணீரில் கலக்கி, கெட்டியாவதற்குள் குடிக்க வைத்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீரும் உள்ளே போகும்வரை பக்கத்திலேயே நின்றார். விடியற்காலையில் போய்விட்டு வந்ததும், அகலமான பிளாஸ்டிக் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர். முழங்கையை விட்டுச் சூடு பார்த்துவிட்டு 15 நிமிடம் உட்கார வைத்தார். டெட்டால் எதுவும் வேண்டாமாம். (வீட்டில் நான் மூடி மூடியாக ஊற்றியிருக்கிறேன், அந்த எரிச்சல் எனக்குத்தான் தெரியும்.) அப்புறம் தேய்த்துத் துடைக்காமல் பருத்தித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், முக்கக் கூடாது, கக்கூஸுக்குள் செல்போன் கூடவே கூடாது.

மூன்று வருடமாக யாரிடமும் சொல்லாத வலி சிஸ்டர். நீங்கள் ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அதே மாதிரி நீல பேசின் ஒன்று இப்போது எங்கள் வீட்டிலும் இருக்கிறது.