தலைப்பிரட்டையின் வால்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பல் காரணமில்லை. நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் கழிப்பறைக்கு நடப்பதுமாகவே பொழுது போகிறது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

"இரத்தப் புற்றுநோய் என்றால் செல்கள் கண்டபடி பெருகுமே, உனக்கு எப்படி இத்தனை நாள் ஒன்றும் தெரியாமல் போயிற்று?" என்று கேட்டிருந்தாய். டாக்டரிடம் நானும் இதையேதான் கேட்டேன். எனக்கு வந்திருக்கும் வகையில் பெருக்கத்தைவிடத் தேக்கம்தான் பெரிய வில்லனாம். சாக வேண்டிய லிம்போசைட்டுகள் (ஒரு வகை வெள்ளையணுக்கள்) சாகாமல் சேர்ந்துகொண்டே போகின்றன.

காலேஜ் லேபில் தலைப்பிரட்டை வளர்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? வால் அறுந்து விழும் என்று பந்தயம் கட்டிவிட்டு, தொட்டியின் அடியில் துழாவிக்கொண்டிருந்தாய் நீ. அந்த ஐந்து ரூபாய் இன்னும் பாக்கி. தைராய்டு ஹார்மோன் ஏற ஏற, வாலின் செல்கள் தங்களைத் தாங்களே முடித்துக்கொள்கின்றன. தாய் வயிற்றில் நம் விரல்களுக்கு நடுவே இருந்த சவ்வும் அப்படித்தான் போயிற்று. செல் வெடித்துச் சிதறுவதில்லை. சுருங்கி, சின்னச் சின்னப் பொட்டலமாகப் பிரிகிறது. அக்கம்பக்கத்துச் செல்கள் அதை விழுங்கிவிடுகின்றன. வீக்கமும் இல்லை, சீழும் இல்லை.

1972இல் கெர், வில்லி, கர்ரி என்ற மூவர் இதற்கு அப்போப்டோசிஸ் என்று பெயர் வைத்தார்கள். இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. ஸ்காட்லாந்தின் அபர்தீனில் இருந்த கிரேக்க மொழிப் பேராசிரியர் ஒருவர் எடுத்துக்கொடுத்தாராம். நம் ஊரில் பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிக்கும் என்பார்கள். என் உடம்பில் பழுத்த ஓலை விழவே மாட்டேன் என்கிறது. குருத்து எங்கே சிரிப்பது?

இந்தச் சாவு மரபணுவிலேயே எழுதப்பட்டது என்பதை ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்று காட்டிக்கொடுத்தது. அது வளரும்போது உருவாகும் 1,090 உடல் செல்களில் 131 தவறாமல் சாகும், 959 மிஞ்சும். எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131! மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்த சல்ஸ்டன் என்ற விஞ்ஞானியின் பொறுமையை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. 2002இல் அவருக்கும், இதே புழுவை ஆராய்ந்த பிரென்னருக்கும் ஹார்விட்ஸுக்கும் நோபல் கொடுத்தார்கள்.

சரி, என் மாத்திரைக்கு வருகிறேன். பெயர் வெனிடோகிளாக்ஸ். பிசிஎல்-2 என்ற புரதம் செல்லின் சாவுக்குத் தாழ்ப்பாள் போட்டு வைக்கும். என் லிம்போசைட்டுகளில் அது அளவுக்கு மேல் கிடக்கிறது. மாத்திரை அந்தத் தாழ்ப்பாளை நீக்கிவிடுகிறது. மிச்சத்தைச் செல்லே பார்த்துக்கொள்ளும். ஆனால் ஒரே சமயத்தில் கூட்டமாகச் செத்தால் பொட்டாசியமும் யூரிக் அமிலமும் இரத்தத்தில் கொட்டி, சிறுநீரகம் திணறிவிடும். அதனால் முதல் வாரம் 20 மில்லிகிராம், பிறகு 50, 100, 200, ஐந்தாம் வாரம்தான் 400. எனக்கு இது 100 மில்லிகிராம் வாரம். நாள் முழுக்கத் தண்ணீர் குடிப்பதும் சிறுநீரகத்தைக் காப்பாற்றத்தான். விலையைப் பற்றி நேரில் சொல்கிறேன், கடிதம் தாங்காது.

அண்ணனுக்குக் கை நடுக்கம் கூடியிருப்பதாக எழுதியிருந்தாய். பார்க்கின்சனில் கதை தலைகீழ். மூளையில் இருக்க வேண்டிய, டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் போய்விடுகின்றன. அதைத் தடுத்து நிறுத்த இன்னும் மாத்திரை வரவில்லை என்பதை நினைத்தால் எனக்குக் கிடைத்ததைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் விசாரித்ததாகச் சொல். அடுத்த மாதம் வருகிறேன்.

மருமகள் சொம்போடு வந்து நிற்கிறாள். இன்றைக்கு இது ஆறாவது.

அன்புடன்,
ராஜு