மூன்று மாலைகளுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும் வணக்கம்.

பாரிசில் புல்லாங்குழல், செல்லோ, பியானோ என்று நாங்கள் மூவர் சேர்ந்து நடத்திய மூன்று கச்சேரிகளும் நல்லபடியாக முடிந்தன. சேம்பர் இசைக்கு, அதாவது சிலர் மட்டும் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய இசைக்கு, பெரிய அரங்கு வேண்டாம். ஒரு கூடம், ஐம்பது நாற்காலி, வாசிப்பவர் மூச்சு இழுப்பதும் காதில் விழுகிற தூரம் இருந்தால் போதும். அதிலும் அதிகம் பேர் கேள்விப்படாத பெண்களின் இசையாகவே எடுத்துக்கொண்டோம். யார் வரப்போகிறார்கள் என்று பயந்துகொண்டே இருந்தேன். வந்தீர்கள்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு இசையமைப்பாளர் லூயீஸ் ஃபரெங்க் எங்களுடைய இதே மூன்று வாத்தியங்களுக்கு எழுதிய ஈ மைனர் ட்ரையோதான் இந்த ஆசையை எனக்குள் போட்டது. 1842-இல் பாரிஸ் கன்செர்வத்வார் என்ற இசைக் கல்லூரியில் பியானோ பேராசிரியர் ஆனவர், முப்பது ஆண்டு சொல்லிக்கொடுத்தார். ஆண் பேராசிரியர்களைவிட அவருக்குச் சம்பளம் குறைவு. ஒன்பது வாத்தியங்களுக்கு அவர் எழுதிய இசை 1850-இல் பெரும் வரவேற்புப் பெற்ற பிறகு, சமமான சம்பளம் கேட்டார், வாங்கினார். அவருடைய கணவர் அரிஸ்தீத் புல்லாங்குழல் கலைஞர். ஊர் ஊராகப் போய் வாசிப்பதை விட்டுவிட்டுப் பாரிசில் பதிப்பகம் தொடங்கி, மனைவியின் பியானோ இசையை அச்சேற்றியவர். ஒத்திகையின்போதெல்லாம் எனக்கு அந்த மனிதரின் நினைப்பு வரும். இப்போது உங்களுக்கு எழுதும்போதும் வருகிறது.

இரண்டாம் மாலை நடந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது. மதியம் கூடத்துக்குள் நுழைந்தால் ஒரே குளிர். வெப்பமூட்டி வேலை செய்யவில்லை. குளிர்ந்த குழலில் சுருதி இறங்கிவிடும். பியானோவோ காலையிலேயே சுருதி கூட்டி வைத்தாயிற்று, அது இறங்கி வராது. குழலைக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கத்து யாழ்ப்பாணத்து அக்காமார் நான்கு பேர் ஆளுக்கொரு மின் அடுப்பும் கம்பளிகளும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நீங்கள் வாசியுங்கோ தம்பி, சூட்டுக்கு நாங்கள் பாக்கிறம்” என்றார் மூத்தவர். இசை தொடங்கும் முன் அடுப்புகளை அணைத்து, ஒவ்வொரு ஆக்கமும் முடிந்ததும் மறுபடி போட்டார்கள், அதன் இரைச்சல் இசையில் கலக்கக் கூடாதென்று. அந்தக் குளிரிலும் ட்ரையோவின் ஆந்தாந்தே என்ற நிதானமான பகுதியில் என் குழல் பியானோவோடு ஒட்டி நின்றதென்றால், அக்கா, அது உங்களால்தான்.

மூன்றாம் மாலையில், இன்னொரு பிரெஞ்சு இசையமைப்பாளரான மெல் போனிஸ் புல்லாங்குழலுக்கும் பியானோவுக்கும் எழுதிய சொனாட்டா. 1904-இல் எழுதியது. மெலனி என்றால் பெண் என்று தெரிந்துவிடும், அதனால் ‘மெல்’ ஆனார். கன்செர்வத்வாரில் படித்துக்கொண்டிருந்தவரை வீட்டார் பாதியில் நிறுத்தி, வயதில் மிகவும் மூத்த, ஐந்து பிள்ளைகள் உள்ள ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தார்கள். 1937-இல் மெல் மறைந்தபின் அவருடைய இசையும் மறைந்தது. அதை மீட்டு வெளியே கொண்டுவந்ததில் கொள்ளுப்பேத்தி கிறிஸ்தீன் ஜெலியோவின் உழைப்பு பெரிது. சொனாட்டாவின் மூன்றாம் பகுதியான அதாஜியோ, மெதுவாக நகரும் பகுதி, முடிந்ததும் யாரும் அசையவில்லை. நானும் குழலை இறக்க மறந்து நின்றேன்.

அன்று பியானோ அருகே நின்று தாள் புரட்டிய மாணவிக்குத் தனியாக நன்றி. இரண்டு பக்கங்கள் ஒட்டிக்கொண்டபோது பதறாமல் ஒற்றை விரலால் பிரித்தாயே, பார்த்தேன் அம்மா. வாடகை வேண்டாம் என்று கூடத்தைத் தந்தவருக்கும், நோட்ஸ் தாள்களைத் தேடி எடுத்துத் தந்த நூலகருக்கும், நாற்காலி போட்டு எடுத்த தம்பிகளுக்கும், மூன்று நாளும் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த புதுச்சேரி ஐயாவுக்கும் என் நன்றி.

நீலக் கட்டம் போட்ட கம்பளி ஒன்று என் வீட்டில் இருக்கிறது. துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். யாருடையது என்று சொல்லுங்கள், நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் புல்லாங்குழல்காரன்