அமாவாசை ராத்திரி பன்றி வேட்டைக்குக் கிளம்பும் எங்கள் ஊர்த் தம்பிகளுக்கு

தம்பிகளா,

வரும் அமாவாசைக்கு ஏரிக்குப் பின்னால் இருக்கிற மரவள்ளிக் காட்டுப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். யார் சொன்னது என்று தேட வேண்டாம், டீக்கடையில் அவ்வளவு சத்தமாகப் பேசினால் எல்லார் காதிலும் விழத்தான் செய்யும். நேரில் சொல்லலாம் என்று இரண்டு தடவை வந்தேன். நான் காலை இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்று "அண்ணனுக்கு ஒரு டீ" என்று சொல்லிவிடுகிறீர்கள், அப்புறம் எனக்கு வாயே திறக்க வருவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். ஊரே படித்தாலும் பரவாயில்லை. வழக்கு, அபராதம் எல்லாம் முடிந்துவிட்டது. மறைத்து வைத்திருப்பது என் காலுக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதைத்தான்.

டீக்கடையில் சொல்லும் கதை உங்களுக்கு மனப்பாடம். இடுப்பு உயரத்துக்கு ஒரு ஒற்றைப் பன்றி, நான் தனி ஆளாக எதிரே நின்று ஈட்டியை இறக்கினேன், அது என் தொடையைக் கிழித்துவிட்டு ஓடிப்போய்க் காட்டுக்குள் செத்து விழுந்தது. இதில் தொடை கிழிந்தது மட்டும் உண்மை.

நாங்கள் நாலு பேர், இரண்டு நாய். பைக் கிளட்ச் ஒயரில் சுருக்கு வைத்திருந்தோம். விடிகாலை மூன்று மணி இருக்கும், போய்ப் பார்த்தால் பன்றி மாட்டியிருக்கிறது, ஆனால் சுருக்கு கழுத்தில் விழாமல் வயிற்றில் விழுந்திருக்கிறது. கத்தவில்லை, இழுக்கவில்லை, சும்மா படுத்துக் கிடந்தது. "களைச்சுப் போச்சுடா" என்றான் கூட வந்தவன். நானும் அப்படித்தான் நினைத்தேன். பன்றிக்குக் கண் சுமார்தான், ஆனால் மூக்கும் காதும் நம்மைப்போலப் பத்து மடங்கு என்று சொன்னாலும் நம்பலாம், அது படுத்தபடியே நாங்கள் எத்தனை பேர், யார் கிட்டே வருகிறான் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தது என்பது இப்போதுதான் புரிகிறது. நெற்றி லைட்டைப் போட்டுக்கொண்டு ஆறேழு எட்டு நடந்திருப்பேன். ஒயர் டங் என்று அறுந்த சத்தம் கேட்டது. அவ்வளவுதான், அடுத்து நான் பார்த்தது நட்சத்திரம்.

ஈட்டியை நான் பாய்ச்சவே இல்லை. கை வழுக்கி எங்கோ போய் விழுந்தது. மறுநாள் என் மாமாதான் அதை வரப்பிலிருந்து எடுத்துவந்தார், முனையில் ரத்தம் என்ன, சேறுகூட இல்லை. கூட வந்தவர்களில் இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாமவன், சின்ன வயதிலிருந்து மரமேறத் தெரியாது என்று சொல்லிக்கொண்டிருந்தவன், புளியமரத்தின் உச்சியில் இருந்தான். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். எனக்குக் கால் இருந்திருந்தால் நானும் ஓடியிருப்பேன்.

பன்றி ஏன் தொடையைப் பிடிக்கிறது என்று யோசித்திருக்கிறீர்களா? அது தலையைத் தாழ்த்திக்கொண்டு வந்து கீழேயிருந்து மேலே வெட்டி இழுக்கும். நல்ல ஆண் பன்றியின் உயரத்துக்கு அந்த வெட்டு சரியாக நம் முழங்காலுக்கும் இடுப்புக்கும் நடுவில் விழும், பெரிய ரத்தக்குழாய் போகிற இடமும் அதுதான். கீழ்த்தாடைக் கோரைப்பல் மேல்பல்லோடு உரசி உரசி வாயை மூடும்போதெல்லாம் தானாகவே சாணை பிடித்துக்கொள்ளும், நம் வீட்டு அரிவாளைப்போல யாராவது தீட்ட வேண்டியதில்லை. தோள்பட்டையில் தடித்த கேடயம் மாதிரி தோல் இருக்கும், ஆணும் ஆணும் மோதிக்கொள்ளும்போது காப்பாற்ற. நூறு கிலோ எடை அந்தக் கூரோடு ஓடிவந்தால் எதிரே நிற்கிறவன் வீரனா கோழையா என்பது ஒரு பொருட்டே இல்லை.

என்னைக் காப்பாற்றியது நாய். கறுப்பு நாய், உங்களில் பாதிப் பேர் அதற்குப் பொரை போட்டிருப்பீர்கள். இரண்டாவது தடவை பன்றி திரும்பியபோது அதன் காதைக் கவ்விக்கொண்டு விடவே இல்லை. குடல் சரிந்த பிறகும் விடவில்லை. பன்றி அதையும் உதறிவிட்டு, வயிற்றில் ஒயரோடு, நடந்து போயிற்று. ஓடவில்லை, நடந்துதான் போயிற்று. செத்ததா பிழைத்ததா, யாருக்கும் தெரியாது. டீக்கடைக் கதையில் இந்த நாய் வருவதே இல்லை, கவனித்தீர்களா?

துண்டை இறுக்கிக் கட்டி, பைக்கில் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். "மாடு முட்டிருச்சுங்க டாக்டர்" என்றோம். அவர் காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்க ஊரு மாட்டுக்குக் கொம்பு தாடையில முளைக்குமா?" என்றார். பிறகு பொறுமையாகச் சொன்னார், காட்டு விலங்கு கடித்திருந்தால் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டாக வேண்டும், அந்த நோய் வந்துவிட்டால் அப்புறம் யாரும் ஒன்றும் செய்ய முடியாது, உன் பொய்க்கு நான் தையல் மட்டும் போட்டு அனுப்பட்டுமா என்று. அதற்குப் பிறகுதான் உண்மையைச் சொன்னேன். பதினேழு தையல்.

சாயவில்லை என்று தெரிந்தும் கிட்டே போனவன் நான். சாய்ந்துவிட்டது என்று உறுதியாக நம்பிப் போனவர்களும் உண்டு. 2019 அக்டோபரில் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தில் 66 வயது வேட்டைக்காரர் ஒருவர் மானைச் சுட்டார், விழுந்தது, செத்துவிட்டதா என்று பார்க்கப் பக்கத்தில் போனார், அது எழுந்து குத்திவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்கு போன் போட்டுப் பேசும் அளவுக்கு நினைவு இருந்திருக்கிறது, ஆனால் பிழைக்கவில்லை. துப்பாக்கி வைத்திருந்தவர், அனுபவசாலி, எதிரே இருந்தது மான்.

சரி, நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். கிளம்புவதற்கு முன் வேடியப்பன் என்று நாம் கும்பிடும் கல்லிடம் போய்க் கற்பூரம் ஏற்றுகிறீர்கள். நானும் ஏற்றினேன். அந்தக் கல்லை என்றைக்காவது எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நான் படுக்கையிலிருந்து எழுந்த பிறகு முதல் வேலையாக அதைத்தான் செய்தேன். ஒரு ஆள், கையில் ஈட்டி, எதிரே பன்றி, அதைச் சுற்றி நாய்கள். கிருஷ்ணகிரி, தர்மபுரி, திருவண்ணாமலைப் பக்கமெல்லாம் இந்த மாதிரிக் கற்கள் கிடக்கின்றன, பன்றி குத்திப் பட்டான் கல் என்று சொல்வார்கள். பட்டான் என்றால் செத்தான். பன்றியைக் குத்திச் செத்தானா, பன்றி குத்திச் செத்தானா, எப்படிப் பிரித்துப் படித்தாலும் செத்தது அவன்தான். ஜெயித்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கறி தின்றவனுக்கு யாரும் கல் நடவில்லை. அந்தக் காலத்துக் கல்தச்சன் நாயைக்கூட விடாமல் செதுக்கியிருக்கிறான், நாம்தான் விட்டுவிட்டோம்.

உங்களில் ஒருவன் கண்ணப்பரையே உதாரணம் சொன்னானாம். திண்ணனார் பன்றியைத் துரத்திப்போய் வெட்டினார், உண்மைதான். அவருக்கு அந்த வழியில் காளத்தி மலையும் சிவனும் கிடைத்தார்கள். எனக்குக் கிடைத்தது நொண்டிக் கால்.

பயிர் அழிகிறது என்பீர்கள். தெரியும்ப்பா, ஒரே ராத்திரியில் அரை ஏக்கர் நிலக்கடலையைப் பன்றி உழுதுவிட்டுப் போன காலையில் வரப்பில் உட்கார்ந்து அழுத ஆள் நான். 2025 ஜனவரியில் அரசு ஒரு முடிவு எடுத்தது: காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வரும் பன்றியை வனத்துறையினர் சுடலாம், ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும், ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் கைவைக்கக் கூடாது. நம் நிலமெல்லாம் காட்டு எல்லையை ஒட்டியே இருக்கிறது, ஆக நமக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கும் அதில் கோபம் இருக்கிறது. அந்தக் கோபத்தை மனுவாக எழுதித் தருகிறேன், எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். ஆனால் நீங்கள் கடலைக்காகப் போகவில்லை, கறி கிலோ என்ன விலை என்பதுவரை பேசியாகிவிட்டது என்பதும் என் காதில் விழுந்தது.

இதைவிட மோசமான ஒன்றும் விழுந்தது. ஈட்டி வேண்டாம், அண்ணனுக்கு ஆனது நமக்கும் ஆகும், அவுட்டுக்காய் வெடி வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்களாம். என் கதையிலிருந்து நீங்கள் கற்றுக்கொண்டது இதுதான் என்றால் நான் அன்றைக்கே செத்திருக்கலாம். கடித்தால் வெடிக்கிற சாமானுக்குப் பன்றி எது, பசுமாடு எது என்று தெரியுமா? 2020 மே மாதம் பாலக்காட்டுப் பக்கம் கர்ப்பிணி யானை ஒன்று வாய் சிதறி, வலி தாங்காமல் ஆற்றுத் தண்ணீரில் நின்றபடியே செத்ததே, அதுவும் பன்றிக்கு என்று வைத்த வெடிதான். உருட்டும்போதே கையில் வெடித்து விரல் போனவர்களும் உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகள் ஆடு ஓட்டிக்கொண்டு போகிற இடம் அது.

யாரிடம் அந்தக் காய் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பெயர் எழுதவில்லை. வியாழக்கிழமைக்குள் அவனே போய் வனக்காவலரிடம் சொல்லிவிட வேண்டும், கையில் எடுத்துக்கொண்டு போக வேண்டாம், இருக்கிற இடத்தைச் சொன்னால் போதும். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன், அங்கே எனக்கு ஏற்கெனவே பழக்கம் இருக்கிறது. சொல்லவில்லை என்றால் வெள்ளிக்கிழமை நான் போய்ச் சொல்வேன். காட்டிக்கொடுத்தவன் என்று பேசுவீர்கள், பேசிக்கொள்ளுங்கள்.

அமாவாசை ராத்திரி நான் தூங்கப்போவதில்லை, திண்ணையில்தான் இருப்பேன். வேட்டைக்குக் கிளம்புகிறவன் முதலில் அங்கே வாருங்கள். வேட்டியை விலக்கிக் காட்டுகிறேன், லைட் அடித்து நன்றாகப் பார்த்துவிட்டு அப்புறம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போங்கள். டீ என் செலவு.

இப்படிக்கு,
ஈட்டியைக் கீழே போட்ட உங்கள் அண்ணன்